கல்யாணத் தேதி குறிச்சாச்சு… பில்லு யாருக்கு?

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்துக்கு வந்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் வேணும்னு விருப்பக் கடிதம் கொடுத்தாச்சு. "நாட்டுக்கே பெருமை"ன்னு சொல்றாங்க. பெருமைதான், மறுக்கலை. ஆனா பில்லு யாருக்கு வரும்? அதைக் கேட்டா உடனே தேசவிரோதி பட்டம்!

நம்ம அனுபவத்தையே பார்ப்போம். 2010 டெல்லி காமன்வெல்த். 2003-ல் சொன்ன மதிப்பீடு 1,200 கோடி ரூபாய். கடைசியில் அது 18,532 கோடி ஆனது. நான் சொல்லலை, மத்திய தணிக்கைத் துறை (சிஏஜி) அறிக்கை சொல்லுது. 15 மடங்கு! இதில் விமான நிலையச் செலவும் மெட்ரோ செலவும் சேர்க்கப்படவில்லை.

எப்படி இப்படி ஏறுது? ரொம்ப சுலபம். கல்யாணத் தேதி குறிச்சு, பத்திரிகையும் கொடுத்த பிறகு பந்தல்காரர் சொல்றதுதானே விலை? அதேதான் இங்கேயும். போட்டியைப் பிடிக்க முதலில் கணக்கைக் குறைச்சுக் காட்டுவாங்க. அப்புறம் வருஷக்கணக்கா கோப்பு தூங்கும். கடைசி நேரத்தில் "நேரமில்லை, நாட்டு மானம் போயிடும்"னு விதிமுறைகளைத் தளர்த்தி ஒப்பந்தம் கொடுப்பாங்க. அவசரம் அரசுக்கு, ஆதாயம் ஒப்பந்தக்காரருக்கு!

அந்த விலையைக் கொடுத்தது யார்? டெல்லியில் பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து 600 கோடிக்கு மேல் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பி விடப்பட்டது. அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரமே மாநிலங்களவையில் இதை ஒப்புக்கொண்டார். தலித் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய காசு தோழர்களே! குடிசைகளை இடித்தார்கள். மிச்சமிருந்த குடிசைகள் விருந்தாளி கண்ணில் படாமலிருக்கத் தட்டி கட்டி மறைத்தார்கள். மைதானம் கட்டிய தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது நேரு மைதானத்துக்கு வெளியே நடைமேம்பாலம் இடிந்து 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

இது இந்தியாவின் கதை மட்டுமல்ல. கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976-ல் ஒலிம்பிக் நடத்தியது. அந்தக் கடன் அடைபட 30 வருஷம் ஆச்சு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த்தை 260 கோடி டாலரில் நடத்துறோம்னு ஒப்புக்கொண்டது. ஒரே வருஷத்தில் கணக்கு 600, 700 கோடி டாலர்னு ஏறியது. 2023 ஜூலையில் அந்த மாநில முதல்வர், மருத்துவமனை, பள்ளிக்கூடக் காசை இதற்கு எடுக்க மாட்டேன் என்று சொல்லிப் போட்டியையே கைவிட்டார். அதற்கும் 38 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது! பிறகு கிளாஸ்கோ நகரம் இருக்கிற மைதானங்களை வைத்து, வெறும் 10 விளையாட்டோடு சுருக்கமாக நடத்த முன்வந்தது. பணக்கார நாடே யோசிக்கிற இடத்தில் நாம் கேள்வி கேட்கக் கூடாதா?

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ஒன்றிய அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் நம்ம வரியும் இருக்கு. கேலோ இந்தியா திட்டத்தில் மைதானங்கள் கட்ட குஜராத்துக்கு 400 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இங்கே எத்தனை அரசுப் பள்ளியில் மைதானம் இருக்கு? எத்தனை பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார்?

நாம் விளையாட்டுக்கு எதிரி இல்லை. கபடி ஆடுற, கைப்பந்து ஆடுற பிள்ளைகள் நம்ம பிள்ளைகள்தான். அதனால்தான் கேட்கிறோம்:

✊ 2030 போட்டியின் முழுச் செலவு மதிப்பீட்டை, யார் எவ்வளவு தருகிறார்கள் என்ற விவரத்தோடு நாடாளுமன்றத்தில் வை!

✊ எல்லாம் முடிந்த பிறகு அல்ல, பணி நடக்கும்போதே சிஏஜி தணிக்கை செய்து ஆண்டுதோறும் வெளியிடு!

✊ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியில் ஒரு ரூபாயையும் தொடாதே!

✊ மாற்று வீடு கொடுக்காமல் ஒரு குடிசையையும் இடிக்காதே! கட்டுமானத் தொழிலாளிக்குச் சட்டப்படி கூலியும் பாதுகாப்பும் கொடு!

போட்டி பதினொரு, பன்னிரண்டு நாளில் முடிஞ்சிடும். வாணவேடிக்கை ஒரு ராத்திரி. கடன் நம்ம பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும். 2010-ல் தாமதமாகக் கேட்டோம். இந்த முறை முன்கூட்டியே கேட்போம்.



தோழர்களே, படித்துவிட்டு உங்கள் பகுதி குழுக்களில் பகிருங்கள்.

#மக்கள்பணம் #கணக்குசொல் #காமன்வெல்த்2030