வெள்ளி உப்பும் மெமரி கார்டும்

ஊட்டியில் பிலிம் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. மத்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. வெள்ளி உப்பு கலந்த குழம்பைப் பிலிமின் மேல் பூசும்போது ஒரு தூசி விழுந்தால் போதும், படத்தில் புள்ளி விழுந்துவிடும். அதனால்தான் ஊட்டியின் சுத்தமான காற்றையும் குளிரையும் தேடிப் போனார்கள். வண்ணப் பிலிம் பரவியபோதே தள்ளாடிய அந்த ஆலை, டிஜிட்டல் வந்தபின் எழுந்திருக்கவே இல்லை.

அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் கதை இன்னும் வேதனையானது. 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியவர் அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன்தான். ஒரு படம் கேசட் நாடாவில் பதிவாக 23 விநாடி ஆனது. அதே கோடாக் 2012இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

சரி, பிலிமா டிஜிட்டலா, எது உசத்தி? உச்சிவெயிலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்கும் ஒருவரைப் படம் எடுங்கள். டிஜிட்டல் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. நிரம்பிய பிறகு விழும் வெளிச்சமெல்லாம் வழிந்து வீணாகும். வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பிலிம் நெகட்டிவோ கூடுதல் வெளிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். மடிப்புகள் மிஞ்சும். ஆனால் இரவில் கோயில் திருவிழாவை எடுக்கப் போனால் டிஜிட்டலுக்கு ஈடில்லை. ஒளியுணர்திறனை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம். பிலிமில் ரோல் முடியும்வரை ஒரே திறன்தான். ஒரு ரோலில் 36 படம்தான் என்ற கட்டுப்பாடு கையைப் பழக்கும் என்பார்கள். அந்தக் கட்டுப்பாட்டை டிஜிட்டலிலும் நாமே வைத்துக்கொள்ளலாமே!

என் கவலை வேறு. எடுத்த படம் ஐம்பது வருடம் கழித்து இருக்குமா? பிலிமைக் கழுவிவிட்டால் நெகட்டிவ் என்று ஒரு பொருள் கையில் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே முகம் தெரியும், எந்தக் கருவியும் வேண்டாம். டிஜிட்டல் கோப்பை யாராவது விடாமல் புதிய சேமிப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தலைமுறை அசந்தால் போயிற்று.

அதே நேரம், நெகட்டிவை நாம் காப்பாற்றினோமா என்றால் அதுவும் இல்லை. ஸ்டூடியோக்கள் மூடியபோது எத்தனையோ நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின. வெள்ளிக்காக எடைக்குப் போனவையும் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்து முகத்தைத் துலக்கிய கைவேலைக்கு இன்று அவைதான் சாட்சி. பிலிமைக் காப்பாற்ற டிஜிட்டல்தான் வர வேண்டியிருந்தது!

உங்கள் வீட்டுப் பரணிலும் நெகட்டிவ் இருக்கலாம். அடியிலிருந்து சீராக வெளிச்சம் தரும் பலகையில் வைத்து, டிஜிட்டல் கேமராவால் கிட்டத்தில் படம் எடுத்து, கணினியில் கறுப்பை வெள்ளையாகத் திருப்பிக்கொள்ளலாம். நகல் எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் காகித உறையில் வையுங்கள். ஏதாவது ஒன்றில் வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அந்தப் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவற்றையும் அது கெடுக்கும். அதை உடனே தனியே பிரித்துவைத்து, முதல் நகலை அதிலிருந்தே எடுங்கள்.