கதிரவனைக் கேட்டு வீடு கட்டுவோம்

ஊரைவிட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் நெஞ்சிலே ஒரு வீட்டைச் சுமந்து வருகிறோம். தில்லியை அடுத்த புறநகரில் மனை வாங்கிய நாங்களும் அவ்வாறே வந்தவர்கள்தாம். வெயில் பகை; அதனைத் தடுப்பதே வீட்டின் கடமை என்பது ஊரில் நாங்கள் கற்ற பாடம். ஆகவே, தெற்கே பூங்கா இருந்தும் அப்பக்கத்தை மாடிப்படியாலும் சாமான் அறையாலும் அடைத்துவிட்டோம். மேற்கே சாலையை நோக்கிக் கூடத்துக்குப் பெரிய சாளரம் அமைத்தோம்.

மார்கழியில் அன்னையார் ஊரிலிருந்து வந்தார். நண்பகலிலும் விளக்கொளியில் போர்வைக்குள் ஒடுங்கியிருந்தவர், "இந்த வீட்டிலே வெயில் எந்தப் பக்கமடா வரும்?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. வைகாசி மாலைகளிலோ மேற்குச் சாளரம் கூடத்தை அடுப்பாக்கிற்று.

பிழை எங்கே? சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் உச்சிக்கு வடக்கே நிற்கிறான். தில்லியிலோ நண்பகலில் அவன் ஒருநாளும் உச்சியைக் கடந்து வடக்கே செல்வதில்லை. ஜூன் 21 அளவில் 85 பாகை உயரத்தில், ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்கிறான். டிசம்பர் 22 அளவில் 38 பாகைக்குத் தாழ்ந்து விடுகிறான். எனவே இங்கே கோடையில் எளிதாக மறைக்கவும், குளிரில் வரவேற்கவும் உகந்த திசை தெற்கேயாகும்.

சாமான் அறையைக் காலி செய்து தென்சுவரைத் திறந்தோம். தரையிலிருந்து 2 அடியில் தொடங்கி 7 அடியில் முடியும் சாளரம். அதன் தலைப்பில் 2 அடி நீளும் சன்ஷேடு. ஜூன் நண்பகலில் சாளரம் முழுவதும் அதன் நிழலில் அடங்குகிறது. டிசம்பரிலோ மேலே ஒன்றரை அடிதான் நிழல். எஞ்சிய வழியாக வெயில் அறைக்குள் 7 அடி வரை நுழைகிறது. அடிச்சுவர் தாழ்ந்திருப்பதால், தரையில் அமர்ந்தவர்க்கும் பூங்காவின் வேம்பு தெரிகிறது.

மேற்கு வெயில் தாழ்ந்து வருவது. சன்ஷேடு அதனைத் தடுக்காது. அங்கே சாளரத்தைக் குறுக்கிக் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். கூசாத சீரான ஒளி தரும் வடக்கைக் குழந்தைகளின் படிப்புக்கு ஒதுக்கினோம்.

வீடு கட்ட முனையும் நேயர்களே, வரைபடத்தில் கையொப்பமிடுமுன் ஒரு டிசம்பர் நண்பகலிலும் ஒரு மே மாலையிலும் மனையிலே சென்று நில்லுங்கள். அன்னையார் இப்போது தென்சாளரத்தருகே காலில் வெயில் பட அமர்ந்து, கீரை ஆய்ந்தவாறே வேம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.