வன்முறையும் பன்முக அடையாளங்களும்
(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



வன்முறைக்கு ஆளாகும் ஒருவர் ஒரு நாள் பெண்ணாகவும், மறுநாள் தாழ்த்தப்பட்டவராகவும், வேறொரு நாள் ஏழையாகவும் துன்புறுவதில்லை. மூன்றும் ஒருங்கே தாக்குகின்றன. நிலமற்ற தலித் பெண் தொழிலாளி, தமக்குக் கூலி கொடுப்பவர்மீதே புகார் செய்ய நேர்ந்தால், குடும்பத்தார் அனைவரின் வேலையும் பறிபோகக்கூடும். பழைய கடன் உடனே கேட்கப்படக்கூடும். சட்டமோ நெடுங்காலம் ஒற்றைக் காரணத்தையே தேடிவந்தது.

1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு கூறு உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் அவ்வகுப்பினர் 'என்ற காரணத்தினால்' இழைத்தால் ஆயுள் தண்டனை என அது விதித்தது. இச்சில சொற்களே பல வழக்குகளைக் கவிழ்த்தன. பெண் என்பதால் இழைத்த குற்றமா, சாதியால் இழைத்ததா என்று பிரித்துக் காட்டுவது எங்ஙனம்? குற்றவாளியின் உள்ளத்துக்கு எடைக்கல் இல்லையே!

ஆந்திரப் பிரதேசத்தில் 2011-இல் பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதி இளம்பெண் ஒருவர் தம் இல்லத்திலேயே வன்புணர்ச்சிக்கு ஆளானார். குற்றவாளி அவர்தம் சகோதரர்களுக்குப் பழக்கமானவர். குரலைக் கொண்டே அப்பெண் அவரை அடையாளம் காட்டினார். அச்சாட்சியம் எவ்வகையிலும் குறைந்ததன்று என 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்று, வன்புணர்ச்சிக்கான ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. சாதி, பால், உடற்குறை ஆகியவை ஒன்றோடொன்று பின்னி அவரை எளிய இலக்காக்கின என்றும் விரிவாக எடுத்துரைத்தது. எனினும், சாதியே காரணம் என்பதற்குத் தனிச் சான்று இல்லாமையால், வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் அளித்த தீர்ப்பு நீக்கப்பட்டது.

2015-இல் இயற்றப்பெற்று 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'என்ற காரணத்தினால்' என்பதை 'என்று அறிந்தே' என மாற்றியது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருப்பின், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் கொள்ளும். சகோதரர்களின் நண்பருக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் குற்றம் நடந்தது 2011-இல் ஆதலின் அத்திருத்தம் அப்பெண்ணுக்கு உதவவில்லை.

அத்தீர்ப்பின் மற்றொரு கூறு திட்டமிடுவோர் கவனிக்கத்தக்கது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய விவரங்களை உடற்குறை வாரியாகவும் பிரித்துத் திரட்டுமாறு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு நீதிமன்றம் பரிந்துரைத்தது. அதற்கான விவரம், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதப்படும் வேளையிலேயே கேட்டுப் பதியப்பட வேண்டும்.