கஞ்சியும் இஸ்திரியும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே தமிழகச் சமவெளியின் வறண்ட காற்று நுழைவதால், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் பங்குனி, சித்திரை வெயில் சில நாட்களில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அங்கே வேட்டியும் சேலையும் பருத்தியாக இருப்பதே உடலுக்கு ஆறுதல், ஏனெனில் பருத்தி வியர்வையை உறிஞ்சி வெளியே விடுகிறது.

ஆனால் பருத்தி எளிதில் கசங்கும். அதன் இழை செல்லுலோஸ் எனும் நார்ப்பொருளால் ஆனது. ஈரம் பட்டதும் அப்பொருளின் மூலக்கூறுகளுக்கு இடையேயான பிணைப்புகள் தளர்ந்து, உலரும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மீண்டும் இறுகுகின்றன. ஆகவே மொடமொடவெனக் காய்ந்த துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி இழுப்பது வீண் உழைப்பு. நீர் தெளித்து, சுருட்டி, அரை மணி நேரம் வைத்து, ஈரம் சீராகப் பரவியபின் தேய்ப்பதே முறை.

தேய்க்குமுன் துணிக்குக் கஞ்சி போடுவதானால், சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர் கலந்து இளக்கியபின்பே துணியை முக்க வேண்டும். ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பெட்டியின் சூட்டில் அது பழுப்புக் கறையாகிவிடும். திருவில்வாமலையை அடுத்த குத்தாம்புள்ளியில் நெய்யப்படும் கசவுச் சேலைகளின், அதாவது சரிகைக் கரையிட்ட சேலைகளின், கரையை உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, குறைந்த சூட்டில் தேய்ப்பது நல்லது.

இடுக்கியின் குமுளி, மூணாறு பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே இடவப்பாதி எனப்படும், வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில், கஞ்சி ஏறிய துணி பூஞ்சணம் பிடிப்பதோடு, மாப்பொருளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகிறது. எனவே மழைக்கு முன்பே கோடைத் துணிகளைக் கஞ்சி போக அலசி, வெயிலில் உலர்த்தி, தேய்த்த சூடு முற்றிலும் ஆறியபின்பே அலமாரியில் அடுக்க வேண்டும்.