விரலுக்கும் உள்ளத்துக்கும் இடையே

(பயிலரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படையில் ஒரு புதிர் தோன்றிற்று. 'பி-17' என்னும் குண்டுவீச்சு வானூர்திகள் பழுதின்றித் திரும்பிவந்து தரைதொட்ட பின்னர், ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்தன. இறக்கை மடலை மடக்குவதாக எண்ணிக்கொண்டு, உருளிகளை உள்ளிழுத்துவிட்டனர் வலவர்கள். 'வலவர் பிழை' என்றெழுதிக் கோப்பை மூடுவது படையினர்க்கு எளிதாயிருந்தது. அல்போன்சு சபானிசு என்னும் உளவியலறிஞர் ஓட்டறைக்குள் நுழைந்து பார்த்தார். மடலுக்குரிய பிடியும் உருளிக்குரிய பிடியும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன! 'சி-47' என்னும் வானூர்தியில் அவை அவ்வாறு அமையவில்லை; அதை ஓட்டியவர்கள் இப்பிழையைச் செய்யவுமில்லை. உருளிப் பிடியின் நுனியில் சிறு உருளி வடிவும், மடற்பிடியின் நுனியில் ஆப்பு வடிவும் பொருத்தச் சொன்னார் சபானிசு. தொட்டவுடன் கை அறிந்துகொண்டது. 1947இல் பால் பிட்சு, இரிச்சர்டு சோன்சு என்னும் இருவர், 'வலவர் பிழை' எனப் பெயர்பெற்ற 460 நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றிற்குக் கரணியம் கருவியின் அமைப்பே எனக் காட்டினர்.

இவ்வாறு கருவியை மாந்தனின் அறிவோட்டத்துக்குப் பொருத்தும் துறையை மேலையர் 'காக்னிட்டிவ் எர்கோனாமிக்சு' என்பர். 'எர்கோன்' என்பது கிரேக்கத்தில் வேலை. 'நோமோசு' என்பது நெறி. நான் இதனை அறிவிசைவியல் என்கின்றேன். இதனினும் நல்ல சொல்லை நம் புலவர்கள் ஆக்கித் தந்தால் அதனையே கொள்வோம்.

வானூர்தியின் கதையைத் தமிழ்க் கூட்டத்தில் எதற்குச் சொல்கின்றான் என்று நீங்கள் நினைக்கலாம். நம் பிள்ளைகளின் கைகளிலும் அத்தகைய பொருந்தாப் பிடியொன்று இருக்கின்றது. அது கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள விசைப்பலகை. தமிழ் எழுத அவர்கள் ஆங்கில எழுத்துகளைத் தட்டுகின்றனர். பொறி அதனைத் தமிழாக்கிக் காட்டுகின்றது. அண்மையில் இளைஞர் ஒருவர் எனக்கு விடுத்த மடலில், "பல்லி ஆண்டுவிழாவுக்கு வருக" என அழைத்திருந்தார். பல்லிக்கு ஏது ஐயா, ஆண்டுவிழா? கேட்டதற்கு நாணி, "பொறி அப்படிக் காட்டிவிட்டது" என்றார். நான் அவரைச் சினக்கவில்லை. 'வலவர் பிழை' என்றெழுதிக் கோப்பை மூட எனக்கு விருப்பமில்லை.

நடப்பதைப் பாருங்கள். 'எல்' என்னும் ஓரெழுத்தை வைத்துக்கொண்டு அவர் ல, ள இரண்டையும் எழுதவேண்டும். ழகரத்துக்கு 'இசட்'டும் 'எச்'சும் சேரவேண்டும். ந, ன, ண மூன்றும் 'என்' என்னும் ஒரே வாசலில் முட்டி நிற்கின்றன. சில முறைகளில் நகரத்தை எழுத 'டபிள்யூ'வைத் தட்டவேண்டும். நகரத்துக்கும் அதற்கும் என்ன உறவோ! வேறு சில முறைகளில் பொறியே உய்த்துணர்ந்து நாலைந்து சொற்களை வரிசையாய்க் காட்ட, எழுதுபவர் ஒன்றைப் பொறுக்குகின்றார்.

உள்ளத்தின் கொள்ளளவு சிறிது. சியார்ச்சு மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1956இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தத்தக்கவை ஏறத்தாழ ஏழு கொத்துகளே என்றார். நெல்சன் கோவன் 2001இல் அதனையும் குறைத்து, நான்களவே என்றார். கொத்து என்பதே இங்குக் கருதத்தக்கது. தமிழறிந்தவனுக்குத் 'தாய்நாடு' என்பது ஒரு கொத்து. தமிழறியாதவனுக்கோ அது தனித்தனிக் கோடுகளும் வளைவுகளும். கருத்து ஒன்று, சொல் ஒன்று என உள்ளத்தில் வைத்து எழுத அமர்பவன், அச்சொல்லின் ஆங்கிலக் கூட்டெழுத்தையும், பொறி காட்டும் பட்டியலையும் உடன் சுமந்தால், முதலில் நழுவுவது எது? கருத்து நழுவும்; அல்லது லகர ளகர வேறுபாடு நழுவும்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்த இரா. முத்தையா அவர்கள், 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்கத் தமிழ்த் தட்டச்சை அமைத்தார். அது பெருந்தொண்டு. ஆயினும் தட்டச்சுப்பொறி தாளின்மீது உருவை அடிப்பது. ஆகவே கண் காணும் வரிசையிலேயே விரலும் செல்லவேண்டியிருந்தது. 'கொ' என எழுத முதலில் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால் என மூன்று தட்டு. 'க்' எழுதப் புள்ளி முன்னே, ககரம் பின்னே. நாவோ மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் ஒலிக்கின்றது. தொல்காப்பியரும் அவ்வாறே சொன்னார்.

கணினிக்கு அக்கட்டு இல்லை. 1999 (தி.பி. 2030) பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருப்பெற்று, அவ்வாண்டு சூனில் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றது 'தமிழ்99' விசைப்பலகை. அதனை நான் பழகத் தொடங்கிய நாளில் வியந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். நடுவரிசையின் இடப்புற முதல் மூன்று விசைகள் அ, இ, உ. அவற்றிற்கு நேர்மேலே ஆ, ஈ, ஊ. குறிலின் தலைமேல் நெடில்! வலக்கையின் நான்கு விரல்களும் இயல்பாய் அமரும் இடத்தில் ப, ம, த, ந. சுட்டுவிரலுக்கு ஒரு விசை இடப்பால் ககரம். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'கொ' எழுதக் ககரமும் ஒகரமும் என இரண்டே தட்டு. தொல்காப்பியர் எண்ணிய முப்பது முதலெழுத்துகளும் ஆய்தமும் புள்ளியும் தெரிந்தால் 247உம் கைக்குள்.

இன்னுமொன்று. நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் 'ந்த' எனப் புள்ளி தானே விழும். ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற எல்லாம் அவ்வாறே. மெல்லினம் தன் இன வல்லினத்தோடு மயங்கும் என்னும் மெய்ம்மயக்க நெறி இது! ஒரே மெய்யை இருமுறை தட்டினும் முன்னதற்குப் புள்ளி விழும். 'தத்தை' போன்ற சொற்களில் முதல் தகரத்தின்பின் அகர விசையைத் தட்டித் தடுக்கவேண்டும். அக்குறை உண்டு, ஒரு நாளில் பழகிவிடும்.

இதனோடு, நடுவணரசு 1986இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவென வகுத்த 'இன்சுகிரிப்ட்டு' முறையை ஒப்பிடுங்கள். தேவநாகரியை அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தமிழுக்கு அதனை அணிவித்தால், நம்மிடம் இல்லாத ஒலிகளுக்குரிய விசைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. புள்ளியையும் ஒவ்வொரு முறையும் நாமே இடவேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நல்ல அமைப்பு என்பதாலேயே ஒன்று வென்றுவிடாது. ஆங்கிலத்தாரின் இன்றைய விசைப்பலகை 1870களில் சோல்சு என்பவர் வகுத்ததன் வழிவந்தது. உயிரெழுத்துகளை இடக்கை நடுவரிசையில் வைத்து 1936இல் ஆகத்து துவோராக்கு புத்தமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழகிய விரல்கள் அசையவில்லை. ஆங்கில முறையில் பத்தாண்டு பழகிய நம் இளைஞர் தமிழ்99க்கு மாறும்போது முதல் இரண்டு கிழமை விரைவு குன்றும்; எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. பழகாத ஏழாண்டுப் பிள்ளைக்கு அவ்விடர் இல்லை. அ, ஆ கற்கும் அகவையிலேயே அ, ஆ விசைகளையும் காட்டிவிட்டால், அவன் உள்ளத்துக்கும் விரலுக்கும் இடையே அயலெழுத்து நுழைய இடமேது? நம் தமிழ்ப்பள்ளிகளில் இவ்வாண்டே தொடங்கவேண்டும் என்று இவ்வரங்கில் தீர்மானம் கொணர்கின்றேன்.

இவ்விசைப்பலகைக்கு விலையில்லை. உங்கள் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் தமிழ்99ஐத் தேடித் தெரிந்தெடுத்தால் போதும். அரங்கின் பின்புறம் இரண்டு கணினிகள் வைத்திருக்கின்றோம். விசைகளின்மேல் தமிழெழுத்துகள் ஒட்டப்பட்டுள்ளன. உரை முடிந்ததும் வந்து அமருங்கள். முதலில் 'அம்மா' என்று எழுதுங்கள்: அ, ம, ம, ஆ. புள்ளியைத் தேடாதீர்கள், அது தானே வரும்.