காலைச் சாப்பாட்டுக்குக் குரக்கன் தோசை



கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியுமாக மலைக்குப் போனால் பத்து மணிக்கே தலை சுத்துது என்கிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைச் சேனைகளில் விளையுற குரக்கனையும் கச்சானையும் நாமும் பழகுவோமே. தவிட்டோடு அரைத்த 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

இரண்டு கோப்பை குரக்கன் மா, மசித்த வாழைப்பழம் 2, முட்டை 1, வறுத்து இடித்த கச்சான் ஒரு பிடி, உப்பு. தண்ணீர் விட்டுத் தோசைமாப் பதத்தில் கரைத்து, 10 நிமிடம் ஊறவிட்டு, சிறு தீயில் மூடிச் சுடுங்கள். ஒருபக்கம் வெந்ததும் திருப்பிப் போடுங்கள்.

முக்கியமாக, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்தே குடிப்போம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைச் சாயம் குறைக்கும், கொய்யாப்பழம் கூட்டும். இரத்தச்சோகையுள்ள தாய்மாரும் பிள்ளைகளும் இதை மறக்கக் கூடாது. நாளைக் காலையே செய்து பார்ப்போம்.