தெறிக்குப் பதிலாக வெல்குரோ

(தையல் இயந்திரம் பெற்ற குடும்பங்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



காணி துப்புரவாக்கும்போது நாயுருவி சீலைக்கரையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற பொறியியலாளர், தன் உடுப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த வேறொரு முள்விதையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். முள் நுனியெல்லாம் சின்னக் கொளுக்கிகள். நாங்கள் கடையில் வெல்குரோ என்று வாங்கும் நைலோன் பட்டி அதிலிருந்து வந்ததுதான். அதன் சொரசொரப்பான பாதியை முள்ளுப் பக்கம் என்றும், மெத்தென்ற பாதியைப் பஞ்சுப் பக்கம் என்றும் சொல்லிக்கொள்வோம்.

ஊருக்குத் திரும்பியவர்களில் ஒரு கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். விரல் மடங்காதவர்களும் பாரிசவாதம் வந்த முதியவர்களும் இருக்கிறார்கள். ஒரு கையால் சட்டைத் தெறியைப் பூட்டிப் பாருங்கள். காலையில் உடுப்புப் போட மகளைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பது ஒரு வளர்ந்த ஆளுக்கு எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இன்றைய வகுப்பில் இதை எடுத்தேன்.

பழைய சட்டையிலேயே செய்யலாம். தெறிகளை வெட்டி எடுத்து வையுங்கள். முக்கால் அங்குலப் பட்டியில் சதுரத் துண்டுகள் வெட்டி, மூலைகளைக் கொஞ்சம் வட்டமாக்குங்கள். கூரான மூலை தோலைச் சுரண்டும். தெறித்துளை உள்ள மேல் மடிப்பின் உட்புறத்தில் பஞ்சுத் துண்டு. தெறி இருந்த இடத்தில் முள்ளுத் துண்டு. முள்ளு எப்போதும் உடம்பை விட்டு வெளியே பார்க்க வேண்டும். நான்கு கரையும் தைத்த பின், எடுத்து வைத்த தெறியைத் தெறித்துளைக்கு மேலேயே வெளிப்புறமாகத் தையுங்கள். பார்ப்பவருக்கு அது சாதாரணச் சட்டைதான். நீளப் பட்டியாகத் தைக்க வேண்டாம். ஒரு கையால் அதை நேராகப் பொருத்த முடியாது, சட்டையும் விறைத்து நிற்கும்.

பின்பக்கம் பசை பூசிய பட்டி துணிக்கு வேண்டாம். பசை ஊசியில் ஏறித் தையல் விட்டுவிட்டு விழும். பசையில்லாததைக் கேட்டு வாங்குங்கள். ஊசி 14 அல்லது 16ஆம் இலக்கம் போதும்.

ஒட்டிய இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டாக இழுத்துப் பாருங்கள், இலேசில் விடாது. நுனியைப் பிடித்து உரியுங்கள், உடனே வந்துவிடும். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்சட்டை இடுப்பு, செருப்பு வார் போன்ற பாரம் இழுக்கும் இடங்களில் வெறும் துண்டு போதாது. ஒரு பக்கத்தில் இரும்பு வளையம் தைத்து, மறுபக்கத்து வாரை அதற்குள்ளால் விட்டு மடித்து, வாரின் மேலேயே ஒட்டச் செய்யுங்கள். வாரின் வெளிப்புறத்தில், நுனியில் முள்ளும் அதற்குப் பின்னால் பஞ்சும் வர வேண்டும். ஒட்டும் நீளம் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். ஒரு கையாலும் இழுத்து இறுக்கலாம்.

செருப்புத் தோலில் குண்டூசி குத்தாதீர்கள், துளை மறையாது. மெல்லிதாகப் பசை தடவி நிறுத்தி, பிறகு தோல் ஊசியால் மெழுகு பூசிய நைலோன் நூலில் தையுங்கள். பசையை மட்டும் நம்பினால் சில நாளில் கரை கிளம்பும். தையலை நெருக்கினால் தோல் துளை வழியே கிழியும். மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால் வீங்கும் நாளில் வாரைத் தளர்த்தலாம் என்பது நல்ல வசதி. ஆனால் கழற்றியதும் காலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செயற்கைக் காலின் வார்களை நீங்களாக மாற்ற வேண்டாம், தந்த நிலையத்திலேயே காட்டட்டும்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பைக்கும் இது நல்லது. தண்ணீரை மட்டும் தடுக்காது. கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றியே உள்ளே வையுங்கள்.

எங்கள் மணலும் புல்விதையும் முள்ளுப் பக்கத்தை அடைத்துவிடும். பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். கழுவும்போது ஒட்டியபடியே கழுவுங்கள். சூடான இஸ்திரிப்பெட்டி அதில் படக்கூடாது, நைலோன் உருகும். பிரிக்கும்போது சத்தமும் போடும், நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கவனம்!

நாளைக்கு வரும்போது பழைய சட்டை ஒன்றும் வார் அறுந்த செருப்பு ஒன்றும் கொண்டுவாருங்கள். அவற்றிலேயே தைத்துப் பழகுவோம்.